வெள்ளிக் கேமராவில் ஒரு வாக்கியம்

19 ஜூலை 2010, திங்கள்

ஆடி பிறந்து மூன்று நாள் ஆகிறது. சின்னமனூரில் ஒரு மண்டபத்து வாசலிலும் வாழைமரம் இல்லை. ஆவணி வரைக்கும் யாரும் கல்யாணம் செய்துகொள்ளப் போவதில்லை என்பதால் ஸ்டுடியோவில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

முதலாளி ஜெயக்கொடி அண்ணன் மதுரைக்குப் போய் இரண்டு எச்.டி. கேமரா கொண்டு வந்திருக்கிறார். சும்மா போட்டுப் பார்க்கத்தான். ஆவணி முதல் தேதிக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். இரண்டும் என் உள்ளங்கையில் அடங்குகின்றன. நாங்கள் இத்தனை வருடம் தோளில் சுமந்த டேப் கேமரா மூலையில் கிடக்கிறது, பார்க்கப் பாவமாக இருக்கிறது.

"எதுல படம் நல்லா இருக்குன்னு நீதான் பவுனு சொல்லணும். ஒனக்குத்தான் கண்ணு கூர்மை" என்றார் அண்ணன். காது கேட்காதவளுக்குக் கண் கூர்மையாக இருக்கும் என்று இந்த ஊரே முடிவு கட்டி வைத்திருக்கிறது. நான் கண்ணாடி போட்டிருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து எனக்குக் காது போனது. பேச்சு போகவில்லை. நான் வாயால் பேசுவேன், மற்றவர்கள் பேசுவதை உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். ஆறு வருடமாக இங்கே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். பாட்டுச் சேர்ப்பதை மட்டும் அண்ணன் பார்த்துக்கொள்வார். வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நான்தான். போன வாரம் ஓட்டிய டேப்பில் பெண்ணின் சித்தி ரசத்தைப் பற்றி என்ன சொன்னாள் என்பது அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

மற்றவர்களுக்குப் படத்தின் தரம் என்றால் அழகு. எனக்கு அதுதான் சத்தம். படம் மங்கினால் ஊர் பேசுவது நின்றுவிடும். அதனால் இந்த வேலையை அண்ணன் என்னிடம் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம். கண் கூர்மை என்று சொன்னதைக்கூட மன்னித்துவிட்டேன்.

வீட்டில் மதினி, என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி, ஆண்டிபட்டி மாப்பிள்ளைப் பேச்சை மறுபடி எடுத்தாள். அதற்கும் ஆவணி முதல் தேதிதான் பதில் சொல்ல வேண்டுமாம்.

20 ஜூலை, செவ்வாய்

கையேட்டில் தமிழ் இல்லை. கேமராமேன் வனராஜ் படித்துச் சொல்லச் சொல்ல நான் குறிப்பெடுத்தேன். அவர் எதைச் சொல்வதானாலும் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டுதான் சொல்வார். உள்ளே வெக்கை தாங்கவில்லை போலிருக்கிறது. முகத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கிறது, ஆனாலும் அங்கேதான் நிற்பார். எப்படியோ, எனக்கு வசதி.

அந்த வசதியில் பாதியை அவருடைய மீசை கெடுக்கிறது. மேலுதடு முழுக்க அதற்குள் போய்விடுகிறது.

இங்கே ஆண்கள் எல்லாரையும் நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். டீக்கடைக்காரர், தபால்காரர், மைக் செட் போடுகிறவர், எல்லாரும் அண்ணன்தான். வனராஜைக் கூப்பிடும் அவசியம் இதுவரை வரவில்லை. பக்கத்து நாற்காலியில்தானே இருக்கிறார்.

21 ஜூலை, புதன்

இன்று சோதனை. டேப் கேமரா, கறுப்பு, வெள்ளி மூன்றையும் வரிசையாக ஸ்டாண்டில் நிறுத்தினோம். அரக்குச் சிவப்புப் பட்டு ஒன்று, வெங்காயக் கலர் பட்டு ஒன்று, மல்லிகைச் சரம், கவரிங் ஆரம், ஓமப்புகைக்குப் பதிலாகச் சாம்பிராணி. பெண்ணுக்கு ஆள் இல்லாததால் வனராஜே பட்டைத் தோளில் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். மீசையோடு தலையைக் குனிந்துகொண்டு அவர் வெட்கப்பட்ட வெட்கத்தை எந்தக் கல்யாணப் பெண்ணும் பட்டிருக்க மாட்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டேப்பில் அரக்குச் சிவப்பு கரை தாண்டி வழிகிறது. கறுப்புக் கேமராவில் எல்லாம் பளிச். ஆள் இரண்டு மடங்கு சிவப்பாகத் தெரிகிறார். ஆனால் முகம் மைதா மாவு அப்பியது போல் இருக்கிறது, மூக்கு எங்கே முடிகிறது கன்னம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. சாம்பிராணிப் புகை சதுரம் சதுரமாக உடைகிறது. விளக்கைக் குறைத்தால் இருட்டான மூலையில் புள்ளி புள்ளியாகப் புழு நெளிகிறது.

வெள்ளி கொஞ்சம் மங்கல்தான். ஆனால் சரிகையில் இழை இழையாகத் தெரிகிறது. மல்லிகையை ஒவ்வொன்றாக எண்ணலாம். மீசையையும்தான்.

அண்ணன் கறுப்புப் பக்கம். "ஊருக்குச் செவப்பாத் தெரியணும்த்தா, அம்புட்டுத்தான்" என்றார்.

"கறுப்புல உதட்டுக்கு ஓரமே இல்லண்ணே."

"கல்யாண வீட்டுல எவன் வாயப் பாக்கப் போறான்?" என்று சிரித்தார்.

22 ஜூலை, வியாழன்

வெள்ளிக் கேமராவில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடைசிப் பதிவு நீளமாக இருந்தது. சோதனை முடிந்து நான் சாப்பிடப் போனபோது வனராஜ் மற்ற இரண்டையும் நிறுத்திவிட்டு இதை மறந்திருக்கிறார்.

படத்தில் வனராஜ் பட்டை மடிக்கிறார். அண்ணன் வந்து கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார், என்னமோ கேட்கிறார். வனராஜ் பட்டின் நுனியைத் தாடையில் இடுக்கிக்கொண்டு, பிறகு எடுத்துவிட்டு, ஒரு வாக்கியம் சொல்கிறார். 'அந்தப் புள்ள' வரைக்கும் தெளிவு. அடுத்த சொல்லில்தான் வில்லங்கம்.

ப-வும் ம-வும் உதட்டில் ஒன்றுதான். இரண்டுக்கும் உதடு மூடித் திறக்கும். வித்தியாசம் மூக்குக்குள்ளும் தொண்டைக்குள்ளும் இருக்கிறது, வெளியே வராது. படி என்றாலும் மடி என்றாலும் எனக்கு ஒரே படம். என்னைப் 'பவுனு' என்று கூப்பிடுகிறார்களா 'மவுனு' என்று கூப்பிடுகிறார்களா என்பதைக்கூட நம்பிக்கையில்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே வனராஜ் சொன்னது இரண்டில் ஒன்று. 'அந்தப் புள்ள முடிச்சிருக்கு.' அதாவது அந்தப் பெண் வேலையை முடித்துவிட்டது. எங்கள் பக்கம் வயசுப் பெண்களை 'வந்திருக்கு, போயிருக்கு' என்றுதான் சொல்வார்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. இல்லையென்றால், 'அந்தப் புள்ளய புடிச்சிருக்கு.' நடுவில் வரும் 'ய' நாக்கில் பிறப்பது. மீசைக்குக் கீழே அதெல்லாம் தெரியாது.

நேற்றுக் காலையில்தான் கோம்பைக் கல்யாண டிவிடியை முடித்துக் கொடுத்தேன். எனவே முதல் வாக்கியமாகத்தான் இருக்கும். சந்தேகமே இல்லை.

சத்தம் பதிவாகியிருக்குமே என்று பார்த்தேன். ஒலிக்கோடு ஆற்று மணல் மாதிரி தட்டையாகக் கிடக்கிறது. காலர் மைக்கைக் கேமராவில் செருகிவிட்டு மைக்கின் ஸ்விட்சைப் போடவில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் ஒரு தடவையாவது செய்கிற தப்புதான். ஆக, இந்த வாக்கியம் காது கேட்கிறவர்களுக்கும் கேட்காது. இந்த ஊரில் ஒரு பேச்சை நானும் மற்றவர்களும் சரிசமமாகக் கேட்காமல் இருப்பது இதுதான் முதல் தடவை.

கேமராவின் தரத்தை அளக்க நல்ல வாய்ப்பு. அதற்காக மட்டும் மேற்கொண்டு பார்க்கப் போகிறேன்.

23 ஜூலை, வெள்ளி

நான்கு மடங்கு பெரிதாக்கினேன். உதடு போய்ச் சதுரம் வந்தது. இரண்டு மடங்குக்குக் குறைத்தேன். முப்பத்தெட்டுத் தடவை ஓட்டினேன். பத்து மணிக்குக் கரண்ட் போய்விட்டது.

25 ஜூலை, ஞாயிறு

துணி துவைத்தேன். அரிசியில் வண்டு, வெயிலில் காய வைத்துப் புடைத்தேன்.

ஆண்டிபட்டிக்காரர் நல்லவர் என்று வீட்டில் அண்ணனும் மதினியும் சொல்கிறார்கள். நூல் மில்லில் குமாஸ்தா. ஆனியில், நான் ஸ்டுடியோவில் விஷயத்தைச் சொல்லி லீவு எடுத்த அன்று, பெண் பார்க்க வந்தபோது பஜ்ஜித் தட்டைப் பார்த்தே பேசினார். நிமிர்ந்து பேசுங்கள் என்றேன். நிமிர்ந்து சிரித்தார், குனிந்து பேசினார். அவர் என்ன பேசினார் என்பது பஜ்ஜிக்குத்தான் தெரியும்.

அவருடைய அம்மா பேசியது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்தது. "காது கேக்காட்டி என்ன? வீட்டு வேலைக்குக் காது என்னத்துக்கு? வெளி வேலைக்கெல்லாம் போக வேணாம்" என்றாள்.

மதினியைக் குறை சொல்ல முடியாது. "ஒனக்கு இருவத்தேழு ஆச்சு பவுனு. அப்பா அம்மா இருந்தா இந்நேரம் செஞ்சிருக்க மாட்டாங்களா? ஒங்க அண்ணன் தெனமும் பொலம்புறாரு" என்றாள். என்னிடம் பேசும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நேராகப் பார்த்துப் பேசுகிற ஒரே ஆள் இந்த வீட்டில் அவள்தான்.

28 ஜூலை, புதன்

இன்றைக்கு ஒரு அதிசயம் தெரிந்துகொண்டேன்.

படத்தை நிறுத்திப் பார்த்தால், அசைகிற இடத்தில் மட்டும் ஓரம் சீப்புப் பல் மாதிரி தெரிகிறது. உதடு அசையும்போது உதடு முழுக்கச் சீப்பு. கேமராவில்தான் கோளாறு என்று வனராஜிடம் காட்டினேன் (வேறு படத்தை வைத்துத்தான்). அவர் ஜன்னலுக்குப் போய் நின்று விளக்கினார். நொடிக்கு இருபத்தைந்து படம். ஆனால் ஒவ்வொரு படத்தையும் கேமரா இரண்டு தவணையாக எடுக்கிறது. முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். இரண்டுக்கும் நடுவே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம். அதற்குள் உதடு நகர்ந்துவிடுவதால் சீப்பு.

அப்படியானால் இரண்டையும் பிரித்துவிட்டால்? நொடிக்கு ஐம்பது பாதிப்படம்! எல்லாரும் தொல்லை என்று நினைக்கிற சீப்புப் பல்லுக்குள் இன்னொரு பங்கு நேரம் ஒளிந்திருக்கிறது. மென்பொருளில் அதற்கு ஒரு வழி இருந்தது. பிரித்தேன். வனராஜின் வாய் இரண்டு மடங்கு பொறுமையாகத் திறந்து மூடியது.

30 ஜூலை, வெள்ளி

மதுரையில் எங்கள் செவிடர் பள்ளியில் தமிழ் எடுத்த நேசமணி டீச்சர் இப்போது எங்கே இருக்கிறாரோ, அவர் காலில் விழ வேண்டும்.

ஒற்று போடுவதில் எனக்கு எப்போதும் மார்க் போகும். காதால் கேட்கிறவர்களுக்கு அது தானாக வரும், எங்களுக்கு வராது. டீச்சர் வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்ய வைத்தார். 'ஐ' வந்து அடுத்து க ச த ப வந்தால் ஒற்று மிகும். ம வந்தால் மிகாது. பத்து வருடம் கழித்து இன்று மத்தியானம் தயிர்ச்சாதம் சாப்பிடும்போது அது மண்டையில் இறங்கியது.

'புள்ளயப் புடிச்சிருக்கு.' நடுவில் ஒரு ப், அப்புறம் பு. உதடு மூடியபடியே இரண்டு எழுத்துக்கான நேரம் இருக்கும். 'புள்ள முடிச்சிருக்கு' என்றால் ஒரு எழுத்துக்குத்தான் மூடும். எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்பது இங்கே முக்கியமே இல்லை, எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது என்பதுதான் முக்கியம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போனது. புணர்ச்சி விதியை நினைத்து உலகத்தில் வேறு யாருக்காவது சிலிர்த்திருக்குமா?

எண்ணினேன். உதடு மூடியிருப்பது ஐந்து பாதிப்படம்.

ஐந்து என்றால் நீளமா, குட்டையா? அதற்கு அளவுகோல் இல்லையே!

1 ஆகஸ்ட், ஞாயிறு

கேமராவை வீட்டுக்குக் கொண்டு வந்து மதினியைச் சொல்ல வைத்தேன். சோதனை என்றதும் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் புள்ள முடிச்சிருக்கு" என்று சொன்னாள். அடுத்ததைச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "எந்தப் புள்ளய?"

"சும்மா ஒரு புள்ள, மதினி."

"யாருக்குப் புடிச்சிருக்கு?"

"யாருக்கும் இல்ல. கேமராவுக்கு."

"கேமராவுக்குப் புடிச்சிருக்காக்கும்!" என்று சொல்லி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். சமையலறைக்குப் போகும்போதும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மதினியின் மு நான்கு, ப்பு எட்டு. விதி சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மதினி சாவகாசமாகப் பேசுகிறவள். வனராஜ் படபடவென்று பேசுகிறவராக இருந்தால் அவருடைய ப்பு ஐந்தாகவும் இருக்கலாம். இருக்கலாம் அல்லவா?

3 ஆகஸ்ட், ஆடிப்பெருக்கு

ஆற்றில் நல்ல தண்ணீர். வனராஜ் கறுப்புக் கேமராவில் எடுத்தார். படத்தில் முல்லையாறு சதுரம் சதுரமாக ஓடியது.

6 ஆகஸ்ட், வெள்ளி

துணிந்துவிட்டேன். ஒரு தாளில் ஒன்பது ஜோடி வாக்கியங்கள் எழுதினேன். 'பாலு வந்தான், மாலு வந்தா' என்று அசட்டுத்தனமாக எட்டு ஜோடி. ஏழாவது ஜோடியில் அந்த இரண்டும். கேமராவில் உதடு எப்படிப் பதிவாகிறது என்று பார்க்க வேண்டும் என்று சொல்லி வனராஜிடம் நீட்டினேன்.

வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். "ஒத்து விட்டுட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே தாளில் திருத்தினார். பிறகு வாசித்தார்.

ஆறு ஜோடி தடையில்லாமல் போனது. ஏழாவதில் 'முடிச்சிருக்கு' வரைக்கும் ஒன்றுமில்லை. அடுத்த வரிக்கு வந்ததும் நின்றுவிட்டார். தாளுக்கு மேலே என்னைப் பார்த்தார். நான் கேமராவின் திரையைப் பார்த்தேன். அப்புறம் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் போல் ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார். அப்படி வாசித்தால் கணக்குக்கு உதவாது.

"சாதாரணமாச் சொல்லுங்க. பேசுற மாதிரி."

"இத எப்புடிங்க சாதாரணமாச் சொல்றது?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.

பதிவை ஓட்டிப் பார்த்தேன். வெள்ளிக் கேமரா சிவப்பை நன்றாகக் காட்டுகிறது. அவருடைய காது மடல் அந்த வரியில் மட்டும் அரக்குச் சிவப்பாக இருக்கிறது. கறுப்பில் இது தெரிந்திருக்காது. இதை அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

7 ஆகஸ்ட், சனி

வனராஜ் திருத்திய தாளை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியது: 'அந்த புள்ளய புடிச்சிருக்கு.' அவர் சிவப்பில் ஒரு ப் சேர்க்கவில்லை. இரண்டு ப் சேர்த்திருக்கிறார். அந்தப். புள்ளயப்.

தலையில் அடித்துக்கொண்டேன். 'அந்த' வந்தாலும் ஒற்று மிகும்! அளவுகோலைத் தேடி ஊரெல்லாம் அலைந்தேனே, அது அந்த வாக்கியத்திலேயே முதல் சொல்லில் இருக்கிறது. 'அந்தப் புள்ள.' அவரே, அதே மூச்சில் சொன்னது.

எண்ணினேன். 'அந்தப் புள்ள' என்பதற்கு உதடு மூடியிருப்பது ஒன்பது. அடுத்த சொல்லுக்கு ஐந்து.

முடிச்சிருக்கு.

8 ஆகஸ்ட், ஞாயிறு

ஐந்துதான்.

9 ஆகஸ்ட், திங்கள்

அறிக்கையை எழுதி அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளியே சிறந்தது, காரணங்கள் ஒன்று முதல் பதினொன்று வரை. அவர் படித்துப் பார்த்துவிட்டுக் கறுப்பையே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். சரி என்றேன்.

நான் வேலையை முடித்துவிட்டதாக ஒருவர் இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு ஏன் இவ்வளவு வலிக்க வேண்டும் என்று தெரியவில்லை. கண் எரிகிறது, கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்ததால் என்று எழுத வந்தேன். யாருக்காக அப்படி எழுதுவது? அழுதேன். மத்தியானம் கரண்ட் போனபோது எடிட்டிங் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நன்றாக அழுதேன். சத்தம் வெளியே கேட்டதோ என்னவோ, அதுவும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மதினியிடம், ஆண்டிபட்டிக்குச் சரி என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆடியில நல்ல வார்த்தை சொல்லக் கூடாது. ஆவணி பொறக்கட்டும். அதுக்குள்ள நீ இன்னொரு தடவ யோசி" என்றாள்.

12 ஆகஸ்ட், வியாழன்

அண்ணனுக்கு ஒரு யோசனை. பழைய டேப் படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். பரணிலிருந்து டேப்புகளை இறக்கித் தூசி தட்டினேன். தும்மல் நிற்கவில்லை.

2003 உத்தமபாளையம் கல்யாணம். எடுத்தது வனராஜ். மண்டபத்து மூலையில் நின்று எடுத்திருக்கிறார். ஆட்கள் எல்லாம் கடுகு மாதிரி. வாயும் தெரியாது, வார்த்தையும் தெரியாது. 2004 மாசியில் ஒன்று, அதுவும் அப்படியே.

நான் வேலைக்குச் சேர்ந்தது 2004 வைகாசியில். ஆவணியில் எடுத்த டேப்பைப் போட்டேன். வேறு ஆள் எடுத்தது போல் இருந்தது. தாத்தா ஒருவர் ஆசீர்வாதம் செய்கிறார், திரை முழுக்க அவர் முகம், விளக்கு நேராக வாயில் அடிக்கிறது. தாய்மாமன் சமையல்காரரைத் திட்டுகிறார், ஒரு சொல் தவறவில்லை. பெண்ணின் தோழி பெண்ணிடம் குனிந்து ரகசியம் சொல்கிறாள். கேமரா அந்தப் பக்கம் சுற்றி வந்து அவள் உதட்டைப் பிடிக்கிறது, பேச்சு முடிந்த பிறகுதான் விலகுகிறது. 2005 அப்படி. 2007 அப்படி. கடைசியாகக் கோம்பை வரைக்கும் அப்படி.

இத்தனை வருடமும் நான் என்ன நினைத்திருந்தேன்? கல்யாண வீடியோ என்றால் அப்படித்தான் எடுப்பார்கள் என்று நினைத்திருந்தேன்.

அண்ணன் டீயோடு உள்ளே வந்தவர் திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தியா இவன? வாயத் தவிர வேற எதையும் எடுக்க மாட்டான். நகையக் காட்டல, சீரக் காட்டலன்னு பார்ட்டிக சண்டைக்கு வர்றாக. எத்தன தடவ திட்டிட்டேன்! கேட்டா, எடிட்டிங்குக்கு வேணும்ணேங்கிறான். ஏம்த்தா, எடிட்டிங்குக்கு என்னத்துக்கு வாயி?"

"வேணும்ணே" என்றேன்.

அவர் போன பிறகு குறிப்பில் 'கேமராமேனின் தொழில் முன்னேற்றம்' என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். ஒரே ஒரு வாக்கியத்தை மூன்று வாரமாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவள், ஆறு வருடப் படத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. இதை எழுத ஒரு நோட்டு தீர்ந்து போயிருக்கிறது.

14 ஆகஸ்ட், சனி

வனராஜ் தங்கச்சி வீட்டுக்குக் கம்பம் போயிருக்கிறாராம். திங்கள்தான் வருவாராம்.

16 ஆகஸ்ட், திங்கள், ஆடி கடைசி

காலையில் ஸ்டுடியோவைக் கழுவிவிட்டேன். சாமி படத்துக்குப் பூப் போட்டேன். அண்ணன் பத்திரிகை கொடுக்க வந்தவர்களோடு வெளியே பேசிக்கொண்டிருந்தார்.

வனராஜ் உள் அறையில் வெள்ளிக் கேமராவைத் தெர்மகோலில் வைத்துப் பெட்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். மத்தியானம் மதுரை பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் போய் எதிரே நின்றேன். பெட்டியின் மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களப் புடிச்சிருக்கு" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எத முடிச்சிட்டீங்க? டிவிடியா?"

எனக்கு உயிரே போய்விட்டது. என் ப-வில் மூக்கும் சேர்ந்துகொண்டு ம மாதிரி கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். காது கேட்கிற மனுஷன், ஒரு முழத் தூரத்தில் நிற்கிறவர், அவருக்கும் கேட்கவில்லை. 'ஆமா, டிவிடிதான்' என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். வாய் அதற்குத் தயாராகிவிட்டது. அவர் வேறு அப்பாவியாகக் காத்துக்கொண்டு நிற்கிறார். நாளைக்கு ஆவணி பிறந்துவிடும். மதினி ஆண்டிபட்டிக்குப் போன் போடுவாள். அதன் பிறகு ஆயுசு முழுக்கப் பஜ்ஜித் தட்டோடு பேசுகிற மனுஷனைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மூக்கைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பார்க்கக் கோமாளி மாதிரிதான் இருந்திருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

"ஒங்களப்" என்று உதட்டை மூடினேன். மூடியபடியே நின்றேன். எத்தனை பாதிப்படம் என்று எண்ணவில்லை. "புடிச்சிருக்கு."

தெர்மகோல் துண்டு அவர் கையில் உடைந்தது. காது சிவந்தது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய், உள் அறை இருட்டிவிட்டது. கதவு வழியாக வந்த வெளிச்சம் அவர் முதுகுப் பக்கம்தான் விழுந்தது.

"இதுக்குத்தான் மூணு வாரமா என் வாய அளந்தீங்களாக்கும்?" என்றார்.

தலையை ஆட்டினேன்.

"ஆண்டிபட்டிக்குப் பதில் சொல்லிட்டீங்களா?"

"நாளைக்கு. வேணாம்னு."

அவர் பெட்டியை நகர்த்தி வைத்துவிட்டு என் முகத்துக்கு நேராக வந்து நின்றார். அந்த இருட்டில் எந்தக் கேமரா வைத்திருந்தாலும் புழுத்தான் நெளிந்திருக்கும். அவர் சொன்னது எனக்கு முதல் தடவையிலேயே தெரிந்தது.

"ஞாயித்துக்கெழம எங்கம்மா வருவாக. ஒங்களப் பாத்து மெதுவாப் பேசச் சொல்லிருக்கேன்."